சிஸ்டர் லினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோவையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இந்த வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு வருடமும் மே 12, செவிலியர் தினத்தன்று வாட்ஸ்அப்பில் லினியின் படம் சுற்றத் தொடங்கும். மே 21, அவருடைய நினைவு நாள் வரைக்கும் ஓயாது. படத்துக்குக் கீழே வரும் செய்திகளில் பாதி அளந்துவிட்டவை. எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் பெண்களும், பக்கத்து வீட்டாரும், என் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

லினி யார்?

லினி புதுசேரி. புதுசேரி என்பது வீட்டுப் பெயர். நம் புதுச்சேரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம், பேராம்பிரா பக்கத்தில் செம்பனோடா என்ற மலையோர ஊர்க்காரர். பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் செவிலியராக இருந்தார். நிரந்தர வேலை கிடையாது, தற்காலிகப் பணிதான். கணவர் பஹ்ரைனில் வேலை பார்த்தார். இரண்டு பையன்கள், பெரியவனுக்கு 5 வயது, சின்னவனுக்கு 2 வயது. நோயாளியைக் கவனித்ததில் நிபா வைரஸ் தொற்றி 2018 மே 21 அன்று அதிகாலை இறந்தார். முப்பதை ஒட்டிய வயது.

அவருக்கு நோய் எப்படித் தொற்றியது?

மே மாதத் தொடக்கத்தில் பேராம்பிரா பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் இளைஞர் கடும் காய்ச்சலோடு தாலுகா மருத்துவமனையில் சேர்ந்தார். அவரைப் பார்த்துக்கொண்டவர்களில் லினியும் ஒருவர். இளைஞரை அங்கிருந்து கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். மே 5 அன்று அவர் இறந்துபோனார். மூளைக்காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்த வட்டாரத்தில் காய்ச்சலும் மூளைக்காய்ச்சலும் புதிதில்லையே.

இரண்டு வாரம் கழித்து அவருடைய அண்ணனும் அதே மாதிரி காய்ச்சலோடு கோழிக்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தார். ஒரே வீட்டில் இரண்டாவது ஆள், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி அறிகுறி என்றதும் அங்கிருந்த மருத்துவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. மாதிரிகளை மணிப்பாலில் உள்ள வைரஸ் ஆய்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நிபா என்று வந்தது. புனே தேசிய வைராலஜி நிறுவனமும் அதை உறுதி செய்தது. இதெல்லாம் முடிந்தபோது லினி படுக்கையில் இருந்தார். நோயின் பெயர் வெளியே தெரிந்த ஓரிரு நாளில் அவர் போய்விட்டார்.

இந்தத் தேதிகளைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "நிபா என்று தெரிந்தும் அஞ்சாமல் அந்த நோயாளியைக் கவனித்தார்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தப்பு. அந்த நோயாளி வந்த நாளில் கேரளத்தில் யாருக்கும் அது நிபா என்று தெரியாது.

அப்படியென்றால் அவர் செய்தது என்ன? காய்ச்சல் நோயாளியைப் பார்ப்பது எல்லா நர்ஸும் செய்வதுதானே?

ஆமாம், எல்லா நர்ஸும் செய்வதுதான். அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கமே.

நிபா மூளையைத் தாக்கும்போது நோயாளிக்கு நினைவு தடுமாறும். பக்கத்தில் நிற்பது யார் என்று தெரியாது, கையைக் காலை உதறுவார். வாந்தி, இருமல், மூச்சுத் திணறல், சிலருக்கு வலிப்பு. இந்த நிலையில் ஒருவருக்கு வெயின் பிடிப்பது லேசில்லை. ஒரு கையால் அவர் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தை அவர் தோளுக்குக் கிட்டே கொண்டுபோய், மறு கையால் ஊசியை ஏற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து அவர் இருமுவார். சளி உங்கள் கன்னத்தில் தெறிக்கும். துடைக்கக் கை ஒழியாது. டேப் ஒட்டி, டிரிப்பைத் திறந்து, சொட்டு விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் துடைப்பீர்கள். அப்புறம் வாந்தி எடுத்த துணியை மாற்ற வேண்டும், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், வாயைச் சுத்தம் செய்ய வேண்டும், அரை மணிக்கொரு தரம் டெம்பரேச்சரும் பிபியும் பார்த்து கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். மருத்துவர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போவார். விடியும் வரை கட்டிலை ஒட்டி நிற்பது நர்ஸ்.

சளி, எச்சில், சிறுநீர், ரத்தம் வழியாகத்தான் நிபா ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுகிறது. நோயாளிக்கு யார் மிகவும் கிட்டே இருக்கிறாரோ அவருக்குத்தான் அது முதலில் வரும். வீட்டில் என்றால் தாயோ மனைவியோ. மருத்துவமனையில் என்றால் நாங்கள்.

முகக்கவசம் போட்டிருந்தால் தப்பித்திருப்பாரா?

நல்ல என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை, கவுன் எல்லாம் இருந்திருந்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால் 2018 நிலைமையை யோசித்துப் பாருங்கள். கொரோனாவுக்கு முந்திய காலம். சாதாரண காய்ச்சல் வார்டில் பிபிஇ கிட் என்ற சொல்லையே நாங்கள் கேட்டதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மாஸ்க் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பகல் டியூட்டிக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். ராத்திரி டிபி நோயாளி வந்தால் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு சக்ஷன் போட்டிருக்கிறேன், அதாவது குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவமனை வழியாக நிபா பரவும் என்பது நம் நாட்டுக்குப் புதுச் செய்தியும் இல்லை. 2001இல் மேற்கு வங்கத்தில் சிலிகுரியில் வந்தபோது 66 பேருக்குத் தொற்றி 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வந்தது மருத்துவமனையில்தான். ஊழியர்களும் நோயாளியைப் பார்க்க வந்தவர்களும்கூட அதில் உண்டு. அதற்குப் பிறகு 17 வருடம் இருந்தது. ஒரு தாலுகா மருத்துவமனையின் காய்ச்சல் வார்டுவரை அந்தப் பாடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

நிபா என்றால் என்ன?

சுருக்கமாகச் சொல்கிறேன். பழந்தின்னி வௌவால்களின் உடம்பில் இருக்கும் வைரஸ். வௌவாலுக்கு அதனால் கெடுதி இல்லை. 1998–99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் பரவி, அங்கிருந்து மனிதருக்கு வந்தபோதுதான் முதலில் அடையாளம் கண்டார்கள். சுங்கை நிபா என்ற ஊரின் பெயரே வைரஸுக்கும் வந்தது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள். தொற்றிய பிறகு அறிகுறி தெரியப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். நோய் வந்தவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறக்கிறார்கள். தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. 2018இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு எதிர்ப்புப் புரத மருந்தைக் கேரளத்துக்கு வரவழைத்தார்கள். அது வந்து சேர்வதற்குள் பரவல் அடங்கிவிட்டது.

அவர் எழுதிய கடிதத்தில் உண்மையில் என்ன இருந்தது?

வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக வருவது அந்தக் கடிதம் இல்லை. உண்மையானது ஒரு சின்னத் தாளில் பேனாவால் எழுதிய சில வரிகள். மலையாளமும் ஆங்கிலமும் கலந்து, எங்கள் வார்டில் மலையாளி சிஸ்டர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே இருக்கும். கணவரைப் பெயரோடு "ஏட்டா" (அண்ணா; மலையாளத்தில் கணவரையும் அப்படிக் கூப்பிடுவார்கள்) என்று கூப்பிட்டுத் தொடங்குகிறார். நான் கிட்டத்தட்ட கிளம்பிவிட்டேன், உங்களைப் பார்க்க முடியும் என்று தோன்றவில்லை, சாரி என்கிறார். நம் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பையனின் செல்லப் பெயரைச் சொல்லி, பாவம், அவனை ஒரு தடவை வளைகுடாவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நம் அப்பாவைப் போலத் தனியாக இருந்துவிடக் கூடாது, ப்ளீஸ். நிறைய அன்போடு. கடைசிச் சொல் "உம்மா". முத்தம். அந்தச் சொல் தமிழிலும் அதேதான், மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லை.

நான் அந்தத் தாளின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குப் பட்டது ஒன்று. வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தி எழுதியது அது. எழுதத் தெம்பு கொஞ்சம்தான் இருக்கும் என்று ஒரு நர்ஸுக்குத் தெரியும். இருந்த தெம்பைப் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் செலவழித்திருக்கிறார். பையனை வளைகுடாவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது பெரிய ஆசைகூட இல்லை. அப்பா இருக்கும் ஊரைப் பார்க்க வேண்டும் என்று அந்தக் குழந்தை எத்தனை தரம் கேட்டிருப்பான்! அந்த வாக்கை மறக்காமல் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நாங்கள் டியூட்டி முடித்துப் போகும்போது அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் "ஓவர்" கொடுப்போம். எந்தக் கட்டிலுக்கு என்ன மருந்து பாக்கி, யாரைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போவது. எனக்கு அந்தக் கடிதம் அப்படித்தான் இருந்தது.

பிள்ளைகளைக் கடைசியாகப் பார்த்தாரா?

இல்லை. தனக்கு வந்திருப்பது தொற்றக்கூடிய நோய் என்று சந்தேகம் வந்ததும், தன்னைத் தனியாக வைக்கச் சொன்னது அவரேதான். வீட்டாரைக் கிட்டே விடவில்லை. கணவர் பஹ்ரைனிலிருந்து ஓடி வந்தார். அவரிடம்கூடப் பேச முடியாத நிலையில் லினி இருந்தார். இறந்த பிறகு உடலை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், தொற்று பரவாமல் இருக்கக் கோழிக்கோட்டிலேயே மின் மயானத்தில் தகனம் செய்தார்கள். ஐந்து வயதும் இரண்டு வயதும் ஆன பிள்ளைகளுக்கு அம்மாவின் முகத்தைக் கடைசியாகக் காட்ட வழி இல்லாமல் போனது.

காய்ச்சலில் கிடக்கும்போது மனம் முதலில் தேடுவது பிள்ளையைத்தான். பக்கத்தில் படுக்க வைத்துத் தலையைத் தடவ வேண்டும் போல இருக்கும். அதை வேண்டாம் என்றது லினிக்குள் இருந்த நர்ஸ் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. படித்த படிப்பை வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றிய தாய் அவர். அவர் வீட்டில் வேறு யாரும் நிபாவால் சாகவில்லை.

கைக்குழந்தை உள்ள ஒரு தாய் இப்படி ஆபத்தான வேலைக்குப் போகலாமா?

இதைப் பலர் என்னிடம் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். இருந்தாலும் கேள்வியே எனக்கு உறுத்துகிறது. ராணுவத்துக்கோ கடலுக்கோ போகும் அப்பாவிடம் இதை யாரும் கேட்பதில்லை.

என் சின்னவனுக்கு எட்டு மாதம் இருக்கும்போது எனக்கு மறுபடி நைட் டியூட்டி போட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகிவிடும். ஸ்டாஃப் பாத்ரூமில் நின்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, உள்ளே ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த கட்டிலுக்கு ஆண்டிபயாட்டிக் போடப் போவேன். அங்கே படுத்திருந்ததும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். அந்த நேரத்தில் இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? மணி இரண்டு, மருந்து போட வேண்டும், போனேன். லினியும் அப்படித்தான் போயிருப்பார்.

அவரைத் தெய்வம், தேவதை என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. தேவதைக்குச் சம்பளமும் வேண்டாம், மாஸ்க்கும் வேண்டாம் என்று ஆகிவிடும். கேரளத்தில் தனியார் மருத்துவமனை நர்ஸுகள் வருடக்கணக்கில் போராடி, மாதம் 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளம் என்ற அரசாணையை வாங்கியது 2018 ஏப்ரல் மாதக் கடைசியில். லினி இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு. அவர் இருந்தது அரசு மருத்துவமனை என்றாலும், தற்காலிக ஊழியர் என்றால் என்ன நிலைமை என்பது இந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

அரசு என்ன செய்தது?

பிள்ளைகள் இருவருக்கும் தலா 10 லட்சம் ரூபாய், கணவருக்கு அரசு வேலை என்று கேரள அமைச்சரவை முடிவு செய்தது. அவருக்குச் சுகாதாரத் துறையிலேயே வேலை கொடுத்தார்கள். சிறந்த செவிலியருக்கான அரசு விருதுக்கு லினியின் பெயரை வைத்திருக்கிறார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் கே.கே.சைலஜா கோழிக்கோட்டிலேயே தங்கி வேலை பார்த்தார்.

அவரோடு வேலை பார்த்த மற்ற நர்ஸுகளுக்கு என்ன ஆனது?

இதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. பேராம்பிரா மருத்துவமனை நர்ஸுகளை ஆட்டோவில் ஏற்ற மறுத்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. லினியின் படத்தைப் பகிர்ந்து கண்ணீர் விட்ட அதே நாட்களில், அவரோடு ஒன்றாக டியூட்டி பார்த்தவர்களைக் கண்டு மக்கள் விலகிப் போனார்கள். இரண்டு வருடம் கழித்துக் கொரோனா வந்தபோது எங்களில் பலருக்கும் அதே அனுபவம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், தண்ணீர்க் குழாயைத் தொடாதே என்றார்கள்.

மொத்தம் எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 19 பேருக்கு நோய் வந்து 17 பேர் இறந்தார்கள். பிழைத்த இருவரில் ஒருவர் நர்ஸிங் மாணவி. நோயாளிகளோடு தொடர்பில் இருந்த 2,600 பேருக்கு மேல் தேடிக் கண்டுபிடித்துக் கண்காணித்தார்கள். கோழிக்கோடு, மலப்புரம் இரண்டைத் தாண்டி அது போகாததற்குக் காரணம் இந்த வேலைதான். ஜூன் 30 அன்று இரண்டு மாவட்டங்களும் நிபாவிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள்.

வெளிநாட்டிலும் அவரைப் பற்றிப் பேசினார்களாமே?

ஆமாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஜிம் கேம்பல் மூன்று பெயர்களைச் சேர்த்து, இவர்களை மறந்துவிடாதீர்கள் என்று ட்விட்டரில் எழுதினார். காசாவில் காயம்பட்டவர்களுக்கு உதவப் போய்ச் சுடப்பட்டு இறந்த ரஸான் அல் நஜ்ஜார், நம் லினி, லைபீரியாவின் சலோமி கர்வா.

சலோமியின் கதையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. 2014இல் எபோலாவுக்குத் தாய் தகப்பன் இருவரையும் பறிகொடுத்து, தானும் அதில் விழுந்து எழுந்தவர். எழுந்த கையோடு அதே சிகிச்சை மையத்துக்கு வேலைக்குத் திரும்பினார். டைம் பத்திரிகை அந்த வருடம் எபோலாவோடு போராடியவர்களைக் கௌரவித்தபோது அட்டையில் வந்தவர்களில் அவரும் ஒருவர். 2017இல் நான்காவது குழந்தையைச் சிசேரியனில் பெற்றெடுத்து வீடு திரும்பியதும் வலிப்பு வந்து இறந்துபோனார். எபோலா வந்து போனவர் என்பதால் மருத்துவமனையில் அவரைத் தொடவே தயங்கினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அத்தனை பேரைத் தொட்டுக் கவனித்தவர் அவர்.

மறுபடி நிபா வந்ததா?

வந்தது. 2019இல் எர்ணாகுளத்தில் ஒருவருக்கு, அவர் பிழைத்துக்கொண்டார். 2021இலும் 2023இலும் கோழிக்கோட்டில், 2024இல் மலப்புரத்தில். 2018 மாதிரி மருத்துவமனைக்குள் பெரிதாகப் பரவ விடவில்லை. இப்போது அங்கே காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் என்றாலே நிபாவையும் சேர்த்துச் சந்தேகப்படுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் இந்தப் பக்கம் வாளையாறு சோதனைச் சாவடியில் காய்ச்சல் பார்ப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பழம் சாப்பிடலாமா?

தாராளமாக. கழுவி, தோல் உரித்துச் சாப்பிடுங்கள். வௌவாலோ அணிலோ கடித்த தடம் இருந்தால், "கடித்த பழம்தான் இனிப்பு" என்று பாட்டி சொன்னாலும் தூர எறிந்துவிடுங்கள். பேராம்பிராவில் முதல் நோயாளியின் வீட்டுக் கிணற்றில் பிடித்த வௌவால்கள் பூச்சி தின்னும் வகை, அவற்றில் வைரஸ் இல்லை. பிறகு அந்த வட்டாரத்தில் பிடித்த பழந்தின்னி வௌவால்களில் இருந்தது. அதற்காக வௌவால் தங்கும் மரத்தை வெட்டப் போகாதீர்கள். விரட்டினால் இன்னும் நாலு ஊருக்குப் பறந்து போகும்.

அம்மா, நீ ஏன் வந்ததும் என்னைத் தூக்க மாட்டேங்கிற?

இது என் சின்னவன் கேட்டது, 2018 மே மாதக் கடைசி வாரத்தில். அவனுக்கு அப்போது மூன்று வயது. லினியின் செய்தி வந்ததிலிருந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராகப் பின்கட்டுக்குப் போய்விடுவேன். யூனிஃபார்மைச் சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கிவிட்டு, தலைக்குக் குளித்து, நகக்கண் வரைக்கும் தேய்த்த பிறகுதான் அவனைத் தொடுவேன். அவன் பாத்ரூம் கதவை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே "ஆச்சா, ஆச்சா" என்று கேட்பான். இன்னும் இல்லடா, இன்னும் ஒரு தரம் என்று சோப்பு போடுவேன். கதவைத் திறக்கும்போது அங்கேயே தரையில் உட்கார்ந்திருப்பான், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு.